எழுபது காசு வட்டி

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒருவர் தாம் கடன் வாங்கியிருப்பதாகச் சொன்னால், எவ்வளவு வாங்கினார், எதற்காக வாங்கினார் என்ற விசாரணையெல்லாம் பிறகுதான் வரும், ‘எத்தனை வட்டிங்க?’ என்பதுதான் முதற் கேள்வியாக இருக்கும். அதற்குரிய விடையும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்ற பாஷையில் வருவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ‘ஒரு வட்டி’, இரண்டு ரூபாய் என்றால் ‘ரெண்டு வட்டி’ என்று, லாரிக்கும் ரிக் வண்டிக்கும், விசைத்தறிக்கும் கோழிப் பண்ணைக்கும், மகள் கல்யாணத்துக்கும் தகப்பன் வைத்தியத்துக்கும் கடன் வாங்கி வாங்கித் தழும்பேறிப்போன இந்தப் பிரதேசத்து மனிதர்கள் வட்டியை மாதத்தால் அளந்து பழகியவர்கள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வங்கியில் எட்டரை சதவீதத்துக்கு வாங்கும் வீட்டுக் கடன் எழுபது காசு வட்டிக்குச் சற்றே மேற்பட்டது. ரெண்டு வட்டிக்கு வாங்கித் திணறியவருக்கு அது வட்டியாகவே தோன்றுவதில்லை. ‘எழுபது காசுதானே, அது பாட்டுக்கு ஓடட்டும்’ என்று அவர் நிம்மதியாக இருந்துவிடுகிறார். அந்த நிம்மதியைச் சற்றுக் கெடுப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பஸ்தர் வீடு கட்டுவதற்காக 20 லட்சம் ரூபாயை எட்டரை சதவீத வட்டிக்கு, 20 வருஷத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 17,356 ரூபாய். 240 தவணைகளையும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி முடிக்கும்போது அவர் வங்கிக்குச் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 41 லட்சத்து 65 ஆயிரம். வாங்கியது 20 லட்சம்; வட்டி மட்டும் இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல். வட்டி வீதம் உயர்ந்ததால் இப்படி ஆனதன்று. காலம் நீண்டதால் ஆனது. இருபது வருஷம் கழித்துக் கொடுக்கும் ரூபாயும் இன்று கையில் வாங்கும் ரூபாயும் மதிப்பில் ஒன்றா என்று பொருளாதாரம் படித்தவர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபம் நியாயமே. ஆனால், விலைவாசியோடு தன் சம்பளமும் கூடவே ஏறும் என்ற நிச்சயம் உள்ளவனுக்குத்தான் அந்தச் சமாதானம் பொருந்தும். தறிக்கூடத்திலும் பாடி கட்டும் பட்டறையிலும் தனியார் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கிறவர்களில் அந்த நிச்சயம் எத்தனை பேருக்கு உண்டு?

வாங்கியதைப்போல் இரட்டிப்புக்கு மேல் கட்டுவது என்றவுடன், இதே மண்ணில் கடனைப் பற்றி ஆழ்ந்து யோசித்த ஒருவருடைய நினைவு வருகிறது. 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபையின் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, மழை பொய்த்த வானம் பார்த்த கிராமங்களின் நடுவே குடியேறினார். அந்தக் கிராமங்களில் குடும்பங்களைக் கெடுத்த பொருள்கள் இரண்டு: ஒன்று கள்ளுக்கடை, மற்றொன்று கடன் பத்திரம். ஒன்று மற்றொன்றுக்கு வாசலாக இருந்தது. கள்ளுக்கு எதிராக அவர் அந்த ஆசிரமத்திலிருந்தே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி. பிறகு 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும், அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று மதுவிலக்கை அமல் செய்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த முதல் ஜில்லா சேலம். இன்றைய நாமக்கல்லும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த பழைய, பெரிய சேலம்.

மதுவிலக்கைப் பலரும் அறிவார்கள். அதை அடுத்து 1938 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இன்று நினைப்பவர் சிலரே. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதியன்று, அதாவது சேலத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட அதே தேதியில், பாக்கி நின்ற வட்டி முழுவதும் தீர்ந்துபோனதாகக் கருதப்படும் என்றும், அசலில் நின்றதை மட்டும் கொடுத்தால் போதும் என்றும் அது விதித்தது. அதைக் காட்டிலும் முக்கியமான வேறொரு விதியும் அதில் இருந்தது. விவசாயி ஒருவன், அசல் என்ற பேரிலோ வட்டி என்ற பேரிலோ, வாங்கிய தொகையைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்தக் கடன் அசல் உட்பட அடியோடு தீர்ந்ததாகும். சேர்ந்த வட்டி அசலை மீறக்கூடாது என்ற நம் பழைய தர்மசாஸ்திர நியாயத்தின் சாயல் அதில் இருப்பதைக் காணலாம். இனிமேல் வாங்கும் கடனுக்கு ஆண்டுக்கு ஆறேகால் சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்றும் சட்டம் வரம்பு கட்டியது. அந்தக் காலத்து நாணயக் கணக்கில் அது ரூபாய்க்கு மாதம் ஒரு தம்படி.

வாங்கியதில் இரட்டிப்பைக் கொடுத்தாகிவிட்டதென்றால் போதும் என்று அந்தச் சட்டம் கோடு கிழித்தது. நம்முடைய இருபது லட்சக் கடன்காரர் கடைசியில் கட்டி முடிப்பது 41 லட்சத்து 65 ஆயிரம். அந்தக் கோட்டையும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தாண்டுகிறார். வங்கியை வட்டிக்கடைக்காரனோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அவர் தாமாகவே கையெழுத்திட்டு, நியாயமான வீதத்தில், சாவகாசமான தவணையில் வாங்கியிருக்கிறார். எந்த அரசாங்கமும் அவருக்காகச் சட்டம் இயற்ற வேண்டிய அவசியம் இல்லை, இயற்றப் போவதும் இல்லை. அந்தக் கோட்டை அவர் தம்முடைய வீட்டு வரவு செலவு நோட்டில் தாமே கிழித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அதற்கு முதலில் தவணையின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மாதம் கட்டும் 17,356 ரூபாயில் 14,167 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 3,190 ரூபாய்க்கு உட்பட்டதே. மாதந்தோறும் அசல் சிறிது குறையக் குறைய வட்டியும் குறைந்து, கழிவு கொஞ்சங் கொஞ்சமாகப் பெருகுகிறது என்றாலும், அந்தப் பெருக்கம் ஆமை வேகத்தில் நடக்கிறது. அசலில் சரிபாதியான 10 லட்சம் கழிவதற்கு எத்தனை காலம் ஆகும் என்று கேட்டால், இருபதில் பாதி பத்து வருஷம் என்றே எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் ஏறத்தாழ 13 வருஷம் 10 மாதம் ஆகிறது; மற்றப் பாதி எஞ்சிய ஆறே சொச்சம் வருஷத்தில் மளமளவென்று கரைந்துவிடுகிறது. ராசிபுரத்துப் பக்கம் எங்கள் அம்மாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர், ‘வட்டிக்கு ஏது கண்ணு ராத்திரியும் பகலும்’ என்று சொல்வதுண்டு. கடன் வாங்கிய முதல் சில வருஷங்களில்தான் அது ராத்திரி பகல் பாராமல் உழைக்கிறது. ஆகையால் அந்த வருஷங்களில் அசலில் கூடுதலாகக் கழிக்கும் ஒவ்வொரு ரூபாயும், பின்னால் கழிக்கும் ரூபாயைவிட நெடுங்காலத்து வட்டியை வெட்டி எறிகிறது.

கணக்காகவே காட்டுகிறேன். கடன் வாங்கி ஒரு வருஷம் முடிந்ததும், தவணையைத் தவிர, ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டினால், கடைசியிலிருந்து 26 தவணைகள் உதிர்ந்துபோகின்றன; அதாவது நாலரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டிய அவசியம் நீங்குகிறது. அதே ஒரு லட்சத்தைப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கட்டினால் 11 தவணைகள்தான் குறையும். நம்மவர் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். கிரகப்பிரவேசம் ஆன கையோடு, ‘இனி நிதானமாகக் கட்டிக்கொள்ளலாம்’ என்று மர அலமாரிக்கும் மாடுலர் சமையலறைக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் கைக்காசை இறைத்துவிட்டு, பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்ச் செலவு நெருக்கும்போதுதான் கடனைச் சீக்கிரம் அடைக்கும் மார்க்கத்தைத் தேடத் தொடங்குகிறார்கள்.

சரி, கூடுதல் ரூபாய் எங்கிருந்து வரும்? ‘வர்றது வாய்க்கும் வயித்துக்கும் சரியா இருக்குதுங்க; கணக்கெழுதி என்ன ஆவப் போவுது?’ என்று கேட்பவர்களின் வீட்டிலேயே ஒரு கணக்குப் புத்தகம் அணுவளவும் பிசகாமல் எழுதப்பட்டு வருகிறது. அதுதான் மொய் நோட்டு. இருபது வருஷத்துக்கு முன் எந்தப் பங்காளி எந்தக் காதுகுத்துக்கு எத்தனை ரூபாய் வைத்தார் என்பதை ஊர், பெயர், தகப்பனார் பெயர் சகிதம் எடுத்துக் காட்டும் சாமர்த்தியம் படைத்த குடும்பத்துக்கு, போன மாதம் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு போயிற்று என்று எழுதி வைக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொய் நோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நோட்டைப் போட்டு, மூன்று மாதம், யாரையும் குற்றம் சொல்லாமல், எதையும் குறைக்காமல், ஆனதை ஆனபடி எழுதினால் போதும். முதலில் குறைக்கத் தொடங்கிவிட்டுப் பிறகு எழுதுகிறவர்கள் இரண்டாம் வாரமே இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

சிக்கனம் என்றவுடன் அடுப்படியில் போய் நிற்பது நம் ஆண்களின் ஒரு கெட்ட வழக்கம். இந்தச் சமவெளியின் அடுப்படி இயல்பாகவே சிக்கனமானது. அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகும் சாதம், கொள்ளு ரசம், கேழ்வரகுக் களி, கம்மங்கூழ், குச்சிக்கிழங்கு, நாமக்கல்லில் விளையும் முட்டை என்று, குறைந்த காசில் நிறைந்த சத்தைத் தரும் ஆகாரத்தை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வருகிறார்கள். சூரமங்கலம் உழவர் சந்தையில் காலையில் போய் இரண்டு நாளைக்குக் காய் வாங்கி வருகிறவளிடம் இன்னும் பத்து ரூபாயை மிச்சம் பிடி என்று உபதேசிப்பது அநியாயம். அவள் ஏற்கெனவே மிச்சம் பிடிப்பதை நேராக அசலுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்தான் வீட்டில் இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லிற்று. அந்த 888 ரூபாய் எங்கே போகிறது என்று எந்த வீட்டிலும் தெரியாது, கரைந்துவிடுகிறது. அதை மாதா மாதம் தவணையோடு சேர்த்து நம் 20 லட்சக் கடனில் கட்டினால், 27 மாதம் முன்னதாகக் கடன் தீரும். வட்டியில் 2 லட்சத்து 90 ஆயிரம் மிஞ்சும்.

மின்சாரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியதும் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமின்றிக் கீழேயுள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் கட்டண வீதம் மாறிவிடுகிறது. ஆகவே 480இல் நிற்பதும் 520இல் நிற்பதும் நாற்பது யூனிட் வித்தியாசம் மட்டும் அன்று. இப்படிப்பட்ட படிக்கட்டுகளை அறிந்து ஒரு படி கீழே நிற்பது, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காரும் சிக்கனத்தைக் காட்டிலும் புத்திசாலித்தனமானது.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அது ஆண்களின் சட்டைப் பையில் இருக்கிறது என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. டீக்கடைக் கணக்கு, சாயங்காலத் தட்டுவடை செட், வாங்கிய ஒரு வருஷத்துக்குள் மாற்றும் கைப்பேசி, அதற்கும் ஒரு தவணை, இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. ராஜாஜி மூடிய கடைகள் வேறு பெயரில், வேறு நிர்வாகத்தில், இன்று அதே ஜில்லாவில் திறந்திருக்கின்றன. மதுவின் நீதி அநீதியைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. கணக்கை மட்டும் பேசுகிறேன். நாளொன்றுக்கு 150 ரூபாய் அந்தக் கடையில் போகிறதென்றால் மாதம் 4,500. அது அசலுக்குப் போனால் 240 மாதக் கடன் 148 மாதத்தில் முடியும். ஏழு வருஷம் எட்டு மாதத் தவணை, மாதம் 17,356 வீதம், ஒருவருடைய மாலை நேரங்களில் போய்க்கொண்டிருக்கிறது. 1937–38இல் கடை மூடலையும் கடன் நிவாரணத்தையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் செய்தது தற்செயலாகப் பொருந்திய காரியம் அன்று.

குடிப்பழக்கம் இல்லாத வீட்டிலும் மாதம் 2,000 ரூபாயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சாத்தியமே. அந்த 2,000 ரூபாய் கடனை நாலு வருஷம் ஐந்து மாதம் குறைத்து, வட்டியில் ஐந்தரை லட்சத்தை மீட்கும். 5,000 ரூபாய் முடிந்தால், 20 வருஷம் 12 வருஷத்துக்குள் அடங்கும். மீள்வது 9 லட்சத்து 85 ஆயிரம்.

இனி, மொத்தமாக வரும் பணம். தீபாவளிக்கு முன் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும் நாட்களில் ஊரே அதைப் பற்றித்தான் பேசும். சட்டப்படி போனஸின் கீழ் வரம்பு 8.33 சதவீதம், ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். கரும்புப் பணமும் குச்சிக்கிழங்குப் பணமும் மாட்டை விற்ற பணமும் இப்படியே மொத்தமாக வந்து மொத்தமாகப் போகும் இயல்புடையவை. வந்ததில் பாதியை வந்த வாரத்திலேயே கடன் கணக்கில் போட்டுவிட்டு, மற்றப் பாதியைத் துணிமணிக்கும் பட்சணத்துக்கும் சந்தோஷமாகச் செலவழிக்கலாம். முழுவதையும் கடனில் போடச் சொல்ல மாட்டேன். பண்டிகையே இல்லாத வீட்டில் சிக்கனம் நீடிப்பதை நான் கண்டதில்லை.

சீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சமவெளியில் சேமிப்பைப் பற்றி எழுதுவது முறையன்று. ஏலச்சீட்டு இங்கே வெறும் சேமிப்பாக நிற்கவில்லை. உறவும் மரியாதையும் அதில் கலந்திருக்கின்றன. கையில் காசு தங்காதவனுக்கு அதைப்போல் ஒரு கடிவாளம் வேறில்லை. ஆயினும் சீட்டு நடத்துபவர் சட்டப்படி 7 சதவீதம் வரை கமிஷன் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும், பதிவு செய்யப்படாத சீட்டு கவிழ்ந்தால் கேட்க நாதியில்லை என்பதையும் யோசித்தால், தானாகவே மாதம் 2,000 ரூபாயை அசலில் கட்டும் மனவுறுதி உள்ளவர் சீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்த உறுதி தமக்கு இல்லை என்று தெரிந்தவர், பதிவு பெற்ற சீட்டில் சேர்ந்து, அவசரப்பட்டு முன்னால் தள்ளி எடுக்காமல் பொறுத்திருந்து எடுத்து, எடுத்த அன்றே அந்தத் தொகையை வங்கியில் கொண்டுபோய்க் கட்டட்டும். நகையைப் பற்றிக் கேட்பார்கள். தங்கம் ஏறலாம், இறங்கலாம். அசலில் கழித்த ரூபாய் எட்டரை சதவீதத்தை ஐயமின்றி மிச்சப்படுத்துகிறது. அவ்வளவே சொல்லலாம்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாக முடித்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே உத்தரவு போட்டுவிட்டது. அஞ்ச வேண்டியது வேறொன்று. கூடுதல் தொகையைக் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று ஒரு கேள்வி எழும். காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்து, குறைந்ததற்கு அத்தாட்சியாகப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். தவணை குறைந்தால் மாதம் சில நூறு ரூபாய் கையில் மிஞ்சும், மிஞ்சியது கரைந்துபோகும், வட்டியில் கிடைக்க வேண்டிய லாபத்தின் பெரும்பகுதியும் அதோடு போகும்.

வட்டி ஏறும் காலத்தில் நடப்பது இன்னும் விபரீதமானது. இதை நான் சொந்த அனுபவத்தில் அறிந்தேன். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதம் வரை படிப்படியாக உயர்த்திய சமயத்தில், என் தவணை மட்டும் ஒரு ரூபாய்கூட ஏறாமல் அப்படியே இருந்தது கண்டு நான் மனத்துக்குள் மகிழ்ந்தேன். பிறகொரு நாள், பெயர் சொல்ல வேண்டாத அந்தக் கிளையில் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தபோதுதான், தவணையைத் தொடாமல் வருஷங்களை நீட்டியிருந்தது தெரிந்தது. 6.7 சதவீதத்தில் 20 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை 15,150 ரூபாய்க்குள் அடங்கும், அது 9.2 சதவீதமானால் 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 15,333 ரூபாய். தவணை முழுவதையும் வட்டி விழுங்கிவிட்டால் கடன் எப்படிக் குறையும்? 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஓர் ஒழுங்கு செய்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்ற தேர்வைக் கடன்காரரிடமே விடவேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறையாவது எஞ்சியிருக்கும் மாதங்களின் எண்ணிக்கையைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 2025இல் நடந்ததுபோல் வட்டி இறங்கும் காலத்தில், தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டிவந்தால், கையிலிருந்து ஒரு காசு கூடுதலாகப் போடாமலே காலம் சுருங்கும்.

இரண்டு எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வட்டிக் கைமாற்றோ, தண்டலோ, கடன் அட்டைப் பாக்கியோ ஒரு வீட்டில் இருக்குமானால், எழுபது காசு வட்டியை முந்திக்கொண்டு அடைப்பது அசட்டுத்தனம்; ரெண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். தறிக்கூடத்தில் வாங்கிய முன்பணம் வேறு வகை. அதற்கு வட்டி இல்லாவிட்டாலும் அது ஆளையே கட்டிப்போடுகிறது, ஆதலால் அதுவும் முன்னால் தீரவேண்டும். மற்றொன்று, கையில் இருப்பதையெல்லாம் வழித்துக் கடனில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் மீண்டும் ரெண்டு வட்டிக்கு ஆளைத் தேடி அலையக்கூடாது. ஆறு மாதத் தவணையும் ஆறு மாதக் குடும்பச் செலவும் தனியே நிற்கட்டும். அதற்கு மேற்பட்டது அசலுக்குப் போகட்டும். வருமான வரிக்காகக் கடனை வைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்பவர், பழைய வரி முறையில்தான் சொந்தக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரையுள்ள வட்டிக்குக் கழிவு உண்டு என்பதையும், புதிய முறையில் அது இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரியில் ஒரு பங்கை மீட்பதற்காக வட்டியில் பல பங்கைக் கொடுப்பது எனக்கு எப்போதுமே விளங்காத கணக்கு.

கடைசித் தவணையைக் கட்டியவுடன் காரியம் முடிந்ததாக எண்ணிப் பலகாரம் செய்து சாப்பிட்டுவிட்டு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பலகாரம் செய்யுங்கள், பிறகு மூலப் பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் வங்கி அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்பதும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கியது சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதையும் வங்கி அதிகாரி கையொப்பத்தோடு அங்கேயே பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் கட்டியாகிவிட்டாலும் வில்லங்கச் சான்றில் வீடு அடமானத்திலேயே நிற்கும். ரசீது பதிவாகிச் சில நாட்கள் கழித்து ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அடமானப் பதிவுக்குக் கீழே ரசீதுப் பதிவும் அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுநாட் காலையிலேயே போய்க் கேளுங்கள்.